முதல் அடுக்கக வீட்டைப் பழைய மரச்சாமான்களால் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முதலாகத் தனியே ஓர் அடுக்கக வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், பிறர் பயன்படுத்திய மேசை, நாற்காலி, அலமாரிகளை வாங்கி அதை அமைக்க நினைக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தச்சர் அல்லேன். மூன்று வாடகை வீடுகளைப் பெரும்பாலும் பழைய சாமான்களைக் கொண்டே அமைத்து, அவற்றில் பலவற்றை நானே பழுது பார்த்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். பழைய சாமானை வாங்கும்போது முதலில் அதன் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும், மேற்பூச்சைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அதிலிருந்தே பிறந்தவை.

எதை முதலில் வாங்க வேண்டும்?

படுக்க ஒரு மெத்தை, இரவில் வாசிக்க ஒரு விளக்கு, உட்கார்ந்து எழுதவும் உண்ணவும் ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தால் ஒரு மாதம் தாராளமாக வாழலாம். அந்த ஒரு மாதத்தில் வீடு தன்னைப் பற்றிப் பல செய்திகளைச் சொல்லிவிடும். காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்து எவ்வளவு இடத்தை விழுங்குகிறது, வெளியிலிருந்து வந்ததும் கைப்பையையும் சாவியையும் நீங்கள் தன்னிச்சையாக எங்கே வைக்கிறீர்கள் என்பனவற்றை வெற்று அறையில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். என் முதல் வீட்டில், வரைபடத்தை வைத்துக்கொண்டு சோபாவுக்கு என்று நான் ஒதுக்கியிருந்த மூலையில் பிற்பகல் முழுவதும் கண் கூசும் வெயில் அடித்தது. அவசரப்பட்டு வாங்கியிருந்தால் அதில் நான் உட்கார்ந்திருக்கவே மாட்டேன். அந்த மூலைக்குப் பின்னர் ஒரு புத்தக அலமாரி போதுமானதாக இருந்தது.

எவற்றைப் பழையதாக வாங்கக் கூடாது?

மெத்தை, தலையணை, குழந்தைத் தொட்டில், வாகனத்தில் பொருத்தும் குழந்தை இருக்கை ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். முதல் இரண்டும் சுகாதாரம் சார்ந்தவை. பின்னிரண்டும் பாதுகாப்புச் சார்ந்தவை. அவற்றின் விதிகள் காலந்தோறும் மாறிவந்திருப்பதால், பழைய பொருள் இன்றைய விதிக்கு உட்பட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகைத் தொட்டில்களை அமெரிக்கா 2011இல் விற்பனையிலிருந்தே விலக்கிவிட்டது. ஆனாலும் அத்தகைய தொட்டில்கள் பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் இருக்கக்கூடும்.

துணி போர்த்திய சோபாவை நான் முழுவதும் மறுப்பதில்லை. எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்து, அடிப்பக்கத் துணியைக் கழற்றிப் பார்க்க விற்பவர் இசைந்தால் மட்டுமே வாங்குவேன்.

நல்ல கட்டுமானம் உள்ள சாமானை எப்படி அடையாளம் காண்பது?

அலமாரியாக இருந்தால் முதலில் இழுப்பறையை வெளியே எடுத்துவிடுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவின் வாலைப் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால், அந்த இணைப்பை எவ்வளவு இழுத்தாலும் எளிதில் பிரியாது, ஏனென்றால் இழுக்கும் திசையில் பற்களே தடையாக நிற்கின்றன. வெறும் பசையும் சிற்றாணிகளும் மட்டுமே தாங்கி நின்றால், பல ஆண்டு இழுத்துத் தள்ளிய பிறகு அந்த மூலை எப்படியும் தளர்ந்திருக்கும். இழுப்பறையின் அடிப்பலகை பக்கப்பலகைகளில் வெட்டிய பள்ளத்துக்குள் நுழைந்திருக்கிறதா, அடியில் வெறுமனே அறையப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நாற்காலியானால் அதைச் சமதரையில் வைத்து, ஒரு கையால் முதுகுச் சட்டத்தையும் மறு கையால் எதிர்மூலை இருக்கையையும் பிடித்து மூலைவிட்டமாக அசைத்துப் பாருங்கள். நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் ஆடுவது சிறு குறை. ஆனால் கால்கள் தரையில் நிற்க, மேலே சட்டம் மட்டும் அசைந்தால், கழுந்து (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய மரமுனை) துளைக்குள் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதுவும் சரிசெய்யக்கூடியதே, விலையில் அதைக் கணக்கிட வேண்டும், அவ்வளவுதான். கழுந்தே முறிந்திருந்தால் வாங்க வேண்டாம்.

முழு மரமா, மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகையா என்பதை அறிய ஓரத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் மரவரி ஓரத்தில் மடங்கி இறங்கி, குறுக்குவெட்டில் அந்த வரியின் தொடர்ச்சியே தெரிந்தால் அது முழு மரம். மேலே ஒரு வரியும் ஓரத்தில் தொடர்பற்ற வேறொரு வரியும் இருந்தால் மரத்தோல் ஒட்டியிருக்கிறார்கள். மரத்தோல் ஒட்டியது மட்டம் என்று எண்ண வேண்டாம். பழைய வேலைப்பாடுகளில் மிகச் சிறந்த பல மேசைகள் அப்படித்தான் செய்யப்பட்டன. ஆனால் உப்புத்தாள் தேய்க்கும்போது கை நிதானமாக இருக்க வேண்டும். இன்றைய மரத்தோல் அரை மில்லிமீட்டரை ஒட்டிய கனமே உடையது. நாலு முறை அழுத்தித் தேய்த்தால் அடியில் உள்ள பலகை வெளிப்பட்டுவிடும், அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சாமானைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மேலே இருப்பது பிறர் பார்வைக்காகச் செய்தது. அடிப்பக்கத்தில்தான் செய்தவரின் நேர்மையும், பின்னால் வந்தவர்கள் செய்த ஒட்டுவேலைகளும் மறைவில்லாமல் தெரியும்.

விற்பவர் ‘நூறு வருடப் பழசு’ என்கிறார். நம்பலாமா?

நம்புவதற்கு முன் திருகாணிகளைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி வடிவப் பள்ளம் உள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அத்தகைய திருகாணி சாமானின் மூலக் கட்டுமானத்தில் இருந்தால், அது அதற்குப் பிந்தியதாகவே இருக்க முடியும். பின்னாளில் பழுது பார்த்தவர் மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், துளை பெரிதாக்கப்பட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். அடிப்பலகையில் வளைகோடுகளாக அறுவைத் தடம் இருந்தால் வட்ட வாள் அறுத்தது. நேர்க்கோடுகளாக, இடைவெளி சீரற்றுக் கிடந்தால் கையால் அறுத்ததாக இருக்க வாய்ப்புண்டு.

வட்ட மேசைகளில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. மரம் காய்ந்து சுருங்குவது பெரும்பாலும் வரிக்குக் குறுக்காகத்தான். வரியின் நீளவாக்கில் அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆகையால் முழு மரத்தில் செய்த பழைய வட்ட மேசையை இரண்டு திசைகளிலும் அளந்தால், குறுக்களவு சில மில்லிமீட்டராவது குறைந்திருக்கும். கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிற பலகை அளவுநாடாவுக்கு நீள்வட்டமாக இருப்பதைப் பார்க்கும்போது, அத்தனை காலமும் அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்று தோன்றும்.

வீட்டில் புழங்குவதற்கு வாங்குகிறவருக்கு வயது முக்கியமான தகுதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாற்பது வருடப் பழைய உறுதியான மேசை, நூறு வருடப் பழைய உளுத்த மேசையைவிட மேலானது.

மூட்டைப்பூச்சியும் உளுவும் வந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.

அந்த அச்சம் நியாயமானது. வளர்ந்த மூட்டைப்பூச்சி 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், கண்ணுக்குத் தெரியும்; முட்டையோ ஒரு மில்லிமீட்டர்தான். உணவில்லாமல் பல மாதங்கள் உயிரோடிருக்கக்கூடியது என்பதால், ‘ஆறு மாதமாக யாரும் பயன்படுத்தவில்லை’ என்ற வாக்குறுதி எதையும் உறுதிப்படுத்தாது. கைவிளக்கும் ஒரு பழைய வங்கி அட்டையும் கொண்டு போங்கள். தையல் மடிப்புகள், இருக்கையின் அடிப்பக்கம், திருகாணித் துளைகள், இழுப்பறை ஓடும் பள்ளம் ஆகியவற்றில் அட்டையின் ஓரத்தை ஓட்டிப் பாருங்கள். மைப்புள்ளி போன்ற கறைகள், உரிந்த வெளிர்பழுப்புத் தோல், துருநிறத் தீற்றல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கழற்றக்கூடிய துணிகளை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் மூடிய பையில் வைத்து, நேராகச் சலவை இயந்திரத்துக்கும், அதன்பின் மிகுந்த வெப்பத்தில் உலர்த்தும் இயந்திரத்துக்கும் அனுப்புங்கள். 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் துணியின் எல்லாப் பகுதிகளையும் எட்டினால் பூச்சியும் முட்டையும் இறந்துவிடும். வெப்பம் தாங்காத சிறு பொருள்களை மைனஸ் 18 பாகையில் நான்கு நாள் உறைபெட்டியில் வைப்பதும் பயன் தரும்.

மரத்தை உளுக்கச் செய்யும் வண்டுகள் வேறு கதை. குண்டூசித் தலை அளவுள்ள துளைகள் இருப்பதாலேயே பயப்படத் தேவையில்லை. அவை பல ஆண்டுகளுக்கு முன்பே வண்டு வெளியேறிப் போன வழிகளாக இருக்கலாம். சாமானின் அடியில் கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் தனியிடத்தில் வையுங்கள். மாவு போன்ற புதிய தூள் அதில் விழுந்தால் உள்ளே புழு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. பூச்சில்லாத மரமானால், பூச்சியைக் கொல்லும் உப்பான போரேட்டின் கரைசல் ஊறி வேலை செய்யும். மெழுகோ வார்னிஷோ பூசியிருந்தால் கரைசல் உள்ளே இறங்காது. அப்போது பூச்சை நீக்கிவிட்டுத் தடவ வேண்டும், அல்லது அந்தப் பொருளை விட்டுவிட வேண்டும்.

அளவுகளைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கடையிலோ கிடங்கிலோ எல்லாப் பொருளும் சிறியதாகத் தெரியும், ஏனென்றால் அங்கே கூரை உயரம், சுவர்கள் தொலைவு. அளவுநாடா இல்லாமல் போகவே கூடாது. நான் ஒருமுறை மிக விரும்பி வாங்கிய சோபா மாடிப்படித் திருப்பத்தில் மூன்று சென்டிமீட்டர் இடிபட்டு, அரை நாள் முயன்றும் மேலேறாமல், வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. அன்றிலிருந்து அறையை அளப்பதற்கு முன்பாக வழியை அளக்கிறேன். வாசற்கதவின் அகலம், மின்தூக்கியின் உட்புற உயரம், மாடிப்படித் திருப்பத்தின் ஒடுக்கமான இடம், கைப்பிடிச் சுவர் நீட்டிக்கொண்டிருக்கும் அளவு ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கால்கள் திருகிக் கழற்றக்கூடியவையா என்பதைக் கேட்டறிவது பத்து சென்டிமீட்டரை மிச்சப்படுத்தித் தரும்.

உண்ணும் மேசை பொதுவாக 73 முதல் 76 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதற்குரிய நாற்காலியின் இருக்கை 43 முதல் 46. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 28 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் தொடை இடிக்காமலும் தோள் உயராமலும் உட்கார முடியும். மேசையையும் நாற்காலிகளையும் வெவ்வேறு இடங்களில் வாங்குகிறவர்கள் தவறுவது இங்கேதான். மேசையின் மேற்பரப்பை மட்டும் அளந்துவிட்டு, அதன் கீழே தொங்கும் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு மேசை விளிம்பில் 60 சென்டிமீட்டர் வேண்டும். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்கச் சுவருக்கும் மேசைக்கும் இடையே 75 முதல் 90 வரை வேண்டும். சோபாவுக்கும் அதன் முன் வைக்கும் தாழ்மேசைக்கும் நடுவே 40 முதல் 45 போதும்.

எண்களில் நம்பிக்கை வராவிட்டால், பழைய செய்தித்தாள்களை ஒட்டிப் பொருளின் அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். தாளை மிதித்துக்கொண்டே போகிறீர்கள் என்றால் அந்தப் பொருள் அந்த இடத்துக்குப் பெரியது.

ஆடும் நாற்காலியை நானே சரிசெய்ய முடியுமா?

முடியும், முதல் பழுதுவேலைக்கு இதைவிட நல்ல பயிற்சியும் இல்லை. தளர்ந்த இணைப்பின் மேல் புதிய பசையை ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பழைய பசை படிந்த மரத்தில் புதிய பசை பிடிக்காது. இணைப்பை மெதுவாகக் கழற்றுங்கள். ரப்பர் சுத்தியால் தட்டினால் மரம் நசுங்காது. பழைய சாமான்களில் தச்சர்கள் வஜ்ஜிரம் பயன்படுத்தியிருப்பார்கள். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசை வெதுவெதுப்பான நீரில் இளகிவிடும் என்பதால், ஈரத்துணியால் ஒற்றிக் கொடுத்தாலே துளையும் கழுந்தும் சுத்தமாகிவிடும். முந்தைய தலைமுறைத் தச்சர்கள் அதைத் தேர்ந்ததால்தான் இன்று நாம் உடைக்காமல் கழற்ற முடிகிறது.

சுத்தம் செய்து உலர்த்தியபின் மரப்பசை தடவிக் கோத்து, நான்கு கால்களையும் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றுக்குள் குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். சமதரையில் நிற்கிறதா என்று பசை காயும் முன்பே பார்த்து, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள். திருகாணித் துளை பெரிதாகிப் பிடிமானம் போயிருந்தால், பசையில் தோய்த்த தீக்குச்சிகளைத் துளையில் நிரப்பி, காய்ந்தபின் மீண்டும் திருகலாம். இழுப்பறை முரண்டு பிடித்தால் ஓடும் பாதையில் மெழுகுவத்தியைத் தேயுங்கள்.

பழைய பூச்சை முழுவதும் சுரண்டி எடுத்துப் புதிதாக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் மென்மையான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உலரவிட்டு, தேன்மெழுகு தடவிப் பாருங்கள். மங்கிக் கிடந்ததாக நினைத்த மரங்களில் பாதிக்கு மேல் வெறும் அழுக்கால்தான் மங்கியிருந்தன என்பது என் அனுபவம். என்ன பூச்சு என்று அறிய, மறைவான இடத்தில் ஒரு சொட்டு எரிசாராயம் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்து இளகினால் அது அரக்குப் பூச்சு. அரக்குப் பூச்சின் மேல் புதிய அரக்குப் பூசினால் பழையது கரைந்து புதியதோடு ஒன்றாகிவிடும்; ஆகவே அதைச் சுரண்ட வேண்டிய தேவையே இல்லை.

சூடான கோப்பை வைத்ததால் வந்த வெள்ளை வளையம் பூச்சுக்குள் சிக்கிய ஈரம் மட்டுமே. மெல்லிய துணியை விரித்து மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியைச் சில வினாடிகள் தொட்டுத் தொட்டு எடுத்தால் பல நேரம் மறையும். கறுப்பு வளையமோ ஈரம் பூச்சைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியதன் அடையாளம்; பூச்சை நீக்கி ஆக்சாலிக் அமிலத்தால்தான் வெளுக்க வைக்க முடியும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எனக்குச் சில கறுப்பு வளையங்கள் பிடிக்கும், விட்டுவிடுகிறேன்.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்கிறேன். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அமெரிக்கா வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தைத் தடை செய்ததே 1978இல்தான். வயது தெரியாத வண்ணப்பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். சோதனைப் பொருளால் அறிந்தபின் முடிவெடுங்கள், சிறு குழந்தைகளோ கருவுற்றவர்களோ உள்ள வீட்டில் அந்த வேலையையே தவிருங்கள். அடுத்தது, ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறும், துணி மடிப்புக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். வெளியில் தனித்தனியாக விரித்து முழுவதும் விறைத்துக் காயும்வரை உலர்த்த வேண்டும்.

துகள் பலகையில் (மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திய பலகை) செய்த பழைய அலமாரியை வாங்கலாமா?

நீர் பட்டு ஊதாமல், ஏற்கெனவே பூட்டிய நிலையிலேயே தூக்கி வர முடிந்தால் வாங்கலாம். கழற்றிப் பூட்ட வேண்டுமென்றால் வேண்டாம். திருகாணிகள் இரண்டாம் முறை அதில் சரியாகப் பிடிக்காது.

வெவ்வேறு மரங்கள் ஒரே அறையில் பொருந்துமா?

பொருந்தும். ஒரே தொகுப்பாக வாங்கிய அறையைவிட, கவனமாகச் சேர்த்த கலப்பு அறை எனக்கு எப்போதும் உயிருள்ளதாகத் தோன்றுகிறது. நிறத்தின் அடர்த்தியைவிட, அடியில் ஓடும் சாயலைப் பாருங்கள். மரத்தில் சிவப்புச் சாயல், மஞ்சள் சாயல், சாம்பல் சாயல் என்று ஒன்று ஓங்கியிருக்கும். ஒரே சாயல் உள்ள வெளிர் மரமும் அடர் மரமும் எளிதில் இணங்கும். ஒரே அடர்த்தியில் சாயல் மட்டும் மாறினால்தான் உறுத்தும். அறையில் ஒரு மரம் தனித்து நின்றால் அது தவறிப்போய் வந்ததுபோல இருக்கும். அதே நிறத்தில் ஒரு சட்டமோ, கிண்ணமோ எதிர்ப்பக்கத்தில் இருந்தால் அந்தத் தனிமை நீங்கிவிடும்.

சுவர் வண்ணமும் இதில் தலையிடும். பாரிசின் கோபலின் திரைச்சீலை ஆலையில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் செவ்ரோல், நூல்களின் சாயத்தில் குறை இல்லாதபோதும் அருகிலுள்ள நூலின் நிறத்தால் அவை வேறாகத் தெரிகின்றன என்பதை 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே விளக்கினார். நீலச் சுவர் முன் நிற்கும் மஞ்சள் மரம் இன்னும் செம்மஞ்சளாகத் தெரிவது இதனால்தான். மரம் பிடிக்கவில்லை என்று அதன்மேல் வண்ணம் அடிக்குமுன், அதை வேறொரு சுவருக்கு நகர்த்திப் பாருங்கள்.

எனக்கென்று ஒரு பாணி இல்லை. பிடித்த நுணுக்கங்களை எப்படித் தேர்வது?

பாணியைத் தேடாதீர்கள், நுணுக்கங்களைச் சேகரியுங்கள். நீங்கள் நின்று பார்த்த பொருள்களை நினைத்துப் பாருங்கள்: ஒரு மேசைக் காலின் கீழ்நோக்கிய ஒடுக்கம், பிரம்புப் பின்னலின் வழியே தரையில் விழும் நிழல், பித்தளைக் குமிழில் கை பட்டுத் தேய்ந்த பளபளப்பு, கண்ணாடிக் கதவின் சிறு கட்டங்கள். மூன்றை மட்டும் தேர்ந்து, அவற்றை வீட்டில் வெவ்வேறு அளவுகளில் திரும்ப வரச் செய்யுங்கள். என் வீட்டில் அவை வளைவு, பிரம்பு, பச்சை. நாற்காலியின் முதுகு வளைவு, வட்டக் கண்ணாடி, அரைவட்டச் சுவர்ப்பலகை என்று வளைவு மூன்று இடங்களில் வருகிறது. விருந்தினர் யாரும் அதைச் சுட்டிக்காட்டியதில்லை. ஆனால் அறை ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

வளைவின் மீது எனக்கு ஈடுபாடு வந்ததற்குக் காரணம், மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் 1859இல் வியன்னாவில் உருவாக்கிய 14ஆம் எண் நாற்காலி. மரத்தை நீராவியில் இளக்கி வளைத்து, ஆறு மரப்பாகங்களும் பத்துத் திருகாணிகளும் இரண்டு மரைகளுமாக அதை அவர் சுருக்கினார். கழற்றிய 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டியில் அடங்கின. கோடிக்கணக்கில் விற்ற அந்த நாற்காலியும் அதன் நகல்களும் இன்றும் பழைய பொருள் கடைகளில் கிடைக்கின்றன. அதன் இருக்கைப் பிரம்பு கிழிந்திருந்தால் பயப்படாதீர்கள், சட்டம் உறுதியாக இருந்தால் பின்னலைப் புதுப்பிக்கலாம். 1928இல் வடிவமைப்பாளர் மார்செல் பிராயர் வளைந்த எஃகுக் குழாயோடு பிரம்பைச் சேர்த்தபோது, பழையதும் புதியதும் ஒரே நாற்காலியில் இணங்கி நின்றன. உங்கள் வீட்டில் அதே இணக்கத்தை ஒரு பழைய மேசைமேல் புதிய உலோக விளக்கை வைத்துப் பெறலாம்.

மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தருவது கைப்பிடி. ஒரு சாதாரண அலமாரியின் கைப்பிடிகளை மாற்றினால் அதன் முகமே மாறிவிடும். ஆனால் வாங்குமுன் இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்துகொள்ளுங்கள். இன்றைய கைப்பிடிகள் 64, 96, 128 மில்லிமீட்டர் என 32இன் மடங்குகளில் வரும். அங்குலக் கணக்கில் செய்த பழையவை 76 மில்லிமீட்டராக இருந்து ஏமாற்றிவிடும். பொருந்தாவிட்டால் பழைய துளையை அடைத்துவிட்டு, ஒரே துளை போதுமான குமிழைப் பொருத்துங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் அறையைச் சுற்றிச் சுவரில் மரமுளை வரிசை அமைத்து, பெருக்கும்போது நாற்காலிகளைக்கூட அதில் தலைகீழாக மாட்டிவைத்தார்கள். சிறிய வீட்டின் வாசலருகே அப்படி ஒரு முளைவரிசை இருந்தால், பை, குடை, மேலாடை எல்லாம் தரையிலிருந்து எழுந்துவிடும். அழகும் பயனும் இவ்வளவு நெருங்கி நிற்கும் வேறொரு நுணுக்கத்தை நான் அறியேன்.

சுவரில் ஆணி அடிக்க வீட்டு உரிமையாளர் அனுமதிக்கவில்லை.

பெரிய கண்ணாடியையும் படங்களையும் சாய்த்து வையுங்கள், கீழே வழுக்காத ரப்பர் பட்டை இடுங்கள். ஓரிரு ஆணிக்கு அனுமதி கிடைத்தால், படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். ஆனால் உயரமான இழுப்பறை அலமாரியைச் சுவரோடு பிணைப்பது வேறு விஷயம். இழுப்பறைகள் எல்லாம் திறந்திருக்கும்போது ஒரு குழந்தை ஏறினால் அது கவிழ்ந்துவிடும். உரிமையாளரிடம் இதை எடுத்துச்சொல்லி, எழுத்தில் இசைவு பெற்றுப் பிணைத்துவிடுங்கள். இசையாவிட்டால் உயரமான அலமாரி வேண்டாம்.

விளக்குகளையும் பழையதாக வாங்கலாமா?

விளக்குத் தண்டையும் குடையையும் வாங்கலாம். மின்கம்பியையும் பல்ப் தாங்கியையும் மாற்றாமல் பயன்படுத்தக் கூடாது. நூல் சுற்றிய பழைய கம்பியின் உட்புற ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். மின்பணியாளரிடம் கொடுத்தால் சிறிய வேலை. பல்ப் அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் (மஞ்சள் சாயல் ஒளியைக் குறிக்கும் எண்) என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், மரத்தின் நிறம் அந்த ஒளியில்தான் மலரும். கூரை நடுவிலுள்ள ஒரே விளக்கை நம்பாமல், உட்கார்ந்தால் தோளுயரத்தில் வரும்படி மூன்று சிறு விளக்குகளை அறையில் பரப்பி வைத்தால், குறைவான சாமான்கள் உள்ள அறையும் நிறைந்ததாகத் தெரியும்.

இழுப்பறையில் பழைய வாசம் போகவில்லை.

நிழலில் காற்றாட ஒரு வாரம் வையுங்கள், கரித்துண்டுகளை உள்ளே இட்டு மூடிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் உட்பக்கத்துக்கு மட்டும் ஒரு கை அரக்குப் பூச்சுக் கொடுங்கள். வாசம் மரத்துக்குள்ளேயே அடைபட்டுவிடும்.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

எந்த அறையில் இருந்தது, ஏன் விற்கிறார், எதையாவது ஒட்டியோ மாற்றியோ இருக்கிறாரா என்று கேளுங்கள். ஈரமான அறையிலும் ஜன்னலோர வெயிலிலும் நின்ற பொருளை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். பேரம் பேசும்போது குறைகளை அடுக்கி அவர் மனத்தை வருத்த வேண்டாம். பழுதுக்கு ஆகும் செலவையும் வண்டிக் கூலியையும் சொல்லி, உங்களால் தரக்கூடியதைச் சொன்னால் போதும். விற்பவர்களில் பலருக்கு அந்தப் பொருள் ஒரு பெற்றோரின் வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும். என் எழுத்து மேசையை விற்ற முதியவர், இடப்பக்க இழுப்பறையைச் சிறிது தூக்கி இழுக்க வேண்டும் என்று இரண்டு முறை காட்டித் தந்துவிட்டுத்தான் கையை எடுத்தார். இன்றும் அதை அப்படித்தான் திறக்கிறேன்.